மாப்பிள்ளையின் இடது முன்கால்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் சின்னவளும் சுகம். பட்டறைக் கூரையில் ஒழுகின இடத்தை அடைத்தாகிவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள். உன் கடிதம் போன வாரம் வந்தது. மாப்பிள்ளையை வருஷக் கடைசிக் கோப்பையில் இறக்கலாமா, இல்லை போட்டியே போதும் என்று நிறுத்திவிடலாமா என்று கேட்டிருந்தாய். குதிரை உன் பேரில் இருந்தாலும் கண் என்னுடையது, நான் எது சொன்னாலும் சரி என்று முடித்துவிட்டாய். அதைப் படித்துவிட்டு உன் அம்மா, எவ்வளவு அழகாக உங்கள் தலையில் கட்டிவிட்டாள் பாருங்கள் என்று சிரித்தாள்.

முதலில் நல்ல சேதி. பக்கத்து ஊர் கிளப்பில் நடந்த தடை தாண்டும் போட்டியில் நம் மாப்பிள்ளைதான் முதல்! பதினேழு குதிரைகள் வந்திருந்தன, பாதிக்கு மேல் பத்து வயதுகூட ஆகாதவை. பத்துத் தடையிலும் ஒரு கம்பு விழவில்லை. ஏழாவது தடைக்கு முன்னால் சின்னவள் தூரத்தைத் தப்பாகக் கணித்து அவனை அவசரப்படுத்தினாள். அவன் கேட்டால்தானே? உன்னிடமே கேட்டதில்லை. தானாக ஒரு குட்டி அடி கூடுதலாக வைத்து, ஆற அமர எழும்பி அந்தப் பக்கம் இறங்கினான். மேலே இருந்தவளுக்குத்தான் மூச்சே நின்றுவிட்டது.

மைக் பிடித்தவர் அவன் வயதைப் பன்னிரண்டு என்று வாசித்தார். பக்கத்தில் இருந்தவர் தாளைச் சுட்டிக்காட்டினார். மன்னிக்க வேண்டும், இருபத்தொன்று என்று திருத்தினார் பார், உட்கார்ந்திருந்த ஜனம் அப்படியே எழுந்து நின்று கைதட்டியது. வந்த ஆள் ஒருத்தர் இவனுக்கு லாடம் அடிப்பது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். அன்றைக்கு முழுக்க என் கால் தரையில் பாவவில்லை. முறுக்கும் அவனுக்குக் கொஞ்சம்கூடக் குறையவில்லை. தீவன வாளியை முதலில் அவன் முன்னால் வைக்காவிட்டால் இன்னமும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். சும்மாவா நீ இந்தப் பேர் வைத்தாய்?

இத்தோடு கடிதத்தை நிறுத்தத்தான் ஆசை. ஆனால் மறுநாள் அவன் லாடத்தைக் கழற்றிப் பார்த்தேன்.

ஆறு வாரம் தாங்க வேண்டிய லாடம். நாலே வாரத்தில், இடது முன்காலில் மட்டும், முன்விளிம்பு தகடாகத் தேய்ந்திருந்தது. லாடக்காரன் மகளுக்கு இதற்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் எழுதுகிறேன், எழுதினால்தான் எனக்கு உறைக்கும். அவனுக்குக் குதிகால் நோகிறது. நோகிற இடத்தில் ஊன்றப் பயந்து, குளம்பின் நுனியை முதலில் வைக்கிறான். அதனால்தான் நுனி தேய்கிறது.

இது போன வாரம் தெரிந்துகொண்ட விஷயம் இல்லை அம்மா. எனக்கு இரண்டு வருஷமாகத் தெரியும்.

முதல் தடவை அந்தத் தேய்மானத்தைப் பார்த்தபோதே குதிரை டாக்டரிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? நேரே பட்டறைக்குப் போய் உலையை மூட்டினேன். லாடத்தின் பின்பக்கத்தை அரை விரல் உயர்த்தினேன். முன்விளிம்பை மேலே வளைத்தேன். இரும்புக்கும் குளம்புக்கும் நடுவில் ஒரு தோல் துண்டை வைத்து அடித்தேன். மறுநாளே குட்டி மாதிரி துள்ளினான். தோல் எதற்கு என்று டாக்டர் கேட்டதற்கு, கல் குத்தாமல் இருக்க என்று வாய் கூசாமல் சொன்னேன். அப்புறம் லாடம் மாற்றும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் உயர்த்துவேன், இன்னும் கொஞ்சம் வளைப்பேன். போன மாதம்கூட டாக்டர் அவனை ஓடவிட்டுப் பார்த்து, இன்னும் இரண்டு வருஷம் தாராளமாகக் குதிப்பான் என்று எழுதிக் கொடுத்தார். அரைகுறை லாடக்காரன் எவனாவது அடித்திருந்தால் மாப்பிள்ளை அன்றைக்கே நொண்டியிருப்பான், ஊருக்கே தெரிந்திருக்கும், எப்போதோ ஓய்வு கிடைத்திருக்கும். என் தொழில் சுத்தமாக இருந்ததால் அவன் வலி வெளியே தெரியாமல் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை காலையில் சாதா லாடம் அடித்தேன். அம்மாவையும் சின்னவளையும் கூப்பிட்டு நிறுத்திவிட்டு, லாயத்து முன்னால் சிமெண்டுத் தரையில் நானே கயிற்றைப் பிடித்து ஓடவைத்தேன். போக ஒரு தடவை, வர ஒரு தடவை, அவ்வளவுதான். இடது கால் தரையில் பட்டபோதெல்லாம் தலையைத் தூக்கித் தூக்கிப் போட்டான். அவனுக்கு வலிக்கிறது என்று அம்மாவுக்கே தெரிந்தது. ஆனாலும் நான் ஓடச் சொன்னேன் என்பதற்காகக் காதை விறைத்துக்கொண்டு ஓடினான், மானஸ்தன். அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் தரையைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

சின்னவள் குனிந்து அந்தக் காலைத் தடவிப் பார்த்தாள். நிமிர்ந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எவ்வளவு நாளாப்பா?"

சொன்னேன். இந்தக் கோப்பைக்காக எட்டு மாதமாகத் தினமும் விடிந்ததும் எழுந்து பழகியவள். என்னை நாலு வார்த்தை கேட்டிருந்தால் தேவலை. கயிற்றை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, அவன் நடைக்கு நடந்து, உள்ளே கூட்டிப்போனாள். அவளுக்கும் சேர்த்து உன் அம்மா வாங்கு வாங்கென்று வாங்கினாள். "அவன் கால்ல அடிச்சது லாடமில்ல, உங்க வீம்பு" என்றாள். தப்பு என்னுடையதுதான் என்று ஒத்துக்கொண்டேன். நம்பாவிட்டால் சின்னவளைக் கேள்.

அந்த லாடத்தை உடனே கழற்றிவிட்டு, தடிமனாக வைக்கோல் பரப்பி அவனை நிறுத்தினேன். பழையபடி வளைத்த லாடத்தை அடிக்க எனக்குக் கை வரவில்லை. சின்னவள் இரண்டு நாள் பட்டறைப் பக்கமே வரவில்லை. தட்டை மட்டும் நங்கென்று என் முன்னால் வைப்பாள். மூன்றாம் நாள் பட்டறைக்கு வந்தாள், கையில் அந்த வளைத்த லாடமும் தோலும்.

"இதையே போடுங்கப்பா. குதிக்க வேணாம், வலிக்காம நடக்கட்டும்."

சொல்லிவிட்டு, கோப்பையிலிருந்து தன் பேரை எடுத்துவிடச் சொல்லி கிளப் செக்ரட்டரியிடம் காலையிலேயே சொல்லிவிட்டதாகவும் சொன்னாள். அவர் வேறு குதிரை தருகிறேன் என்றாராம். இந்த வருஷம் வேண்டாம், இவனோடு நடக்க வேண்டியிருக்கிறது என்றாளாம். பதினெட்டு வயதில் அந்த நெஞ்சு எங்கிருந்து வந்தது? என் பக்கம் இல்லை, உன் அம்மா பக்கம்தான். ஆணி அடிக்கும்போது அவள் அழுதாள். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

இப்போது தினமும் காலையில் இரண்டு பேரும் வேலி ஓரமாக ஒரு சுற்று நடக்கிறார்கள். அவன்தான் முன்னால், அவள் பின்னால். புதிதாக வந்த இரண்டு குட்டிகளை அவன் மேய்க்கிற அழகைப் பார்த்தால் சிரித்துவிடுவாய்.

வீம்பு மட்டும்தான் காரணமா என்றால், இல்லை. உன் அம்மாவுக்கும் அது தெரியும், சொல்ல மாட்டாள். நீ வெளியூர் கிளம்பின அன்று லாயத்து வாசலில் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அவன் குதிக்கிற வரைக்கும் எனக்கு இங்கே ஒரு வேலை இருக்கிறது, கோப்பைக்கு வந்து நானே ஏறுவேன் என்று சொன்னாய். ஏழு வருஷம் ஆகிறது. ஒரு வருஷம் லீவு கிடைக்கவில்லை, ஒரு வருஷம் பரீட்சை, ஒரு வருஷம் உனக்கே காய்ச்சல். குறையாகச் சொல்லவில்லை. ஒற்றை ஆளாக இருபது கட்டில்களைப் பார்க்கிற நர்ஸ் என் மகள் என்று கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறவன் நான். ஆனால் அவன் குதிப்பதை நிறுத்திவிட்டால் நீ வருவதற்கு ஒரு காரணமும் இல்லாமல் போய்விடும் என்று நினைத்துவிட்டேன். உன்னை வா என்று கூப்பிட வாய் வராமல், ஒரு வாயில்லாத ஜீவனை வலியோடு ஓடவிட்டேன். நீயும் என்னை மன்னிக்க வேண்டும்.

நீ கேட்டதற்கு என் பதில் இதுதான். போதும் அம்மா, நிறுத்திவிடலாம். கடைசியாக இறங்கிய போட்டியில் முதலாவதாக வந்து, ஊரே எழுந்து நின்று கைதட்ட, தன் காலில் நடந்து வெளியே வந்தான். எத்தனை குதிரைக்கு அந்தக் கொடுப்பினை? நீ பழக்கியவன், உன் தங்கை ஓட்டியவன். இனி அவனிடம் கேட்க நமக்கு ஒன்றும் பாக்கி இல்லை.

கிளப்பின் ஓய்வுப் படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். சொந்தக்காரர் கையெழுத்து இல்லாமல் செல்லாதாம். இரண்டாம் பக்கத்தில் நான் பெருக்கல் குறி போட்ட இடத்தில் போடு. செக்ரட்டரி ஒரு வாரத்தில் கேட்டார். வருஷக் கடைசி வரை அவகாசம் வேண்டும் என்று நான்தான் மல்லுக்கட்டி வாங்கினேன்.

வேளைக்குச் சாப்பிடு. நின்றுகொண்டே வேலை பார்க்கிறவள், உன் காலையும் கொஞ்சம் பார்த்துக்கொள். எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், எங்களுக்கு அது போதும். ஒன்றே ஒன்று. இங்கே தபாலை நம்ப முடிவதில்லை. அந்தப் படிவத்தைத் தபாலில் போட்டுவிடாதே, நீயே கொண்டுவந்து கொடுத்துவிடு அம்மா.

இப்படிக்கு,
உன் அப்பா