அரைக்கால் அங்குலச் சாய்வு

1936 ஜூன் 14, ஞாயிறு. பிரிக்ஃபீல்ட்ஸ்.

பூசை முடிந்து வந்ததும் பிஸ்கட் டின்னை வெட்டினேன். உள்ளே பிஸ்கட் இருந்தது உண்மைதான். தட்டில் கொட்டி, மூடி வைத்துவிட்டுத்தான் வெட்டினேன். எறும்பு வந்தது என் குற்றமா?

என் குற்றம்தான் என்றாள் ஜோசஃபின். “கல்யாணம் ஆகி ஒன்பது வருஷம் ஆச்சு. இந்த வீட்டுல முழுசா இருக்கிற டின்னு ஒண்ணே ஒண்ணு காட்டுங்க பாப்போம்.”

காட்ட முடியவில்லை. மூன்று பஸ், ஒரு தீயணைப்பு வண்டி, ஒரு துரை கார் என்று அலமாரி மேல் வரிசையாக நிற்கின்றன. எல்லாம் ஒரு காலத்தில் டின்கள்தான்.

இந்த முறை லோரி. ஜோசஃபினின் தம்பி மாரிஸ் போன மாதம் சொந்தமாக வாங்கிய பச்சை லோரி. யாரோ ஓட்டிப் பழசாக்கியதுதான். ஆனால் அவன் அதைத் துடைக்கிற அழகைப் பார்த்தால் நேற்றுக் கப்பலில் வந்து இறங்கியதென்று நினைக்கத் தோன்றும். அடிக்கு ஒரு அங்குலம் என்று கணக்கு வைத்திருக்கிறேன். பதினாறு அடி லோரி, பதினாறு அங்குலத்தில்.

ரயில்வே டிராயிங் ஆபீஸில் நாள் முழுக்க, யாரோ வரைந்த பாலங்களின் மேல் மெழுகுத்துணி விரித்து நகல் கோடு இழுக்கிறேன். அதில் ஒரு பாலமும் என்னுடையதில்லை. லோரியாவது என்னுடையதாக இருக்கட்டும்.

ஜூன் 21, ஞாயிறு.

அளவெடுப்புப் படலம். மாரிஸ் தன் வீட்டு வாசலில் லோரியை நிறுத்திவிட்டு சீட்டிலேயே தூங்கிப்போனான். நான் அடியில் மல்லாந்து படுத்து ஸ்பிரிங் பட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த வழியாக வந்தார் சாந்தமேரி அக்கா. கோயிலில் பாடகர் குழுவை நடத்துகிறவர். அவர் குரல் இருக்கும்போது கோயிலுக்கு மணி வேண்டியதில்லை. லோரிக்கு அடியில் இரண்டு கால் நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டு, “ஐயோ மாதாவே, ஆளு அடிபட்டுட்டாரு!” என்று கத்திவிட்டார்.

தெருவே கூடிவிட்டது. மாரிஸ் திடுக்கிட்டு எழுந்து ஹார்னை அழுத்தினான். நான் திடுக்கிட்டு எழுந்து தலையை இடித்துக்கொண்டேன்.

அளவுகள் எல்லாம் நோட்டில் ஏறிவிட்டன. நெற்றி வீக்கம்: கால் அங்குலம்.

ஜூலை 5

செருப்பு அடியில் வெட்டிய ரப்பர் டயர்கள் நான்கும் தயார். குடைக்கம்பி சக்கர அச்சாகிவிட்டது. உடைந்துபோன செல்லுலாய்ட் முக்கோண ஸ்கேல், முன்கண்ணாடியாகி மோட்சம் அடைந்தது.

ஜூலை 9

ஜோசஃபினின் கொண்டை ஊசியில் கதவுக் கைப்பிடி அருமையாக வந்திருக்கிறது. அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜூலை 10

தெரிந்துவிட்டது.

ஜூலை 19, ஞாயிறு.

இன்று லோரி தன் காலில் நின்றது. நின்றது என்றா சொல்ல வேண்டும்? சாய்ந்தது. பின்பக்கம், இடது பக்கமாக. மேசையை மாற்றினேன். தரையில் வைத்தேன். ஜன்னல் கட்டையில் வைத்தேன். எங்கே வைத்தாலும் இடது தோளைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கடன் கேட்க வந்தவன் மாதிரி நிற்கிறது. அளந்து பார்த்தேன். வலதைவிட இடது அரைக்கால் அங்குலம், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, தாழ்வு.

பதினோரு வருஷம் கோடு இழுத்த கை. எங்கே தப்பு செய்தேன்?

ஜூலை 26, ஞாயிறு.

ஸ்பிரிங் பட்டைகள் பன்னிரண்டையும் பிரித்து, நோட்டைப் பார்த்துப் புதிதாக வெட்டி வளைத்தேன். மறுபடியும் அதே அரைக்கால்.

சாப்பிட வந்த மாரிஸ் லோரியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். நெற்றியில் நான் எழுதி ஒட்டியிருந்த ‘மாதா துணை’ பலகையைப் பார்த்துக் கும்பிட்டான். அப்புறம் குனிந்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தவன் நிறுத்தவேயில்லை.

“அத்தான், உங்க லோரி கள்ளுக்கடைக்குப் போய்ட்டு வந்திருக்கா?”

ஜோசஃபின் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. நானும் சிரித்தேன். சிரித்தேனே தவிர, மீன் குழம்பு இறங்கவில்லை.

ஆகஸ்ட் 2, ஞாயிறு.

எழுதவே கை ஓடவில்லை. முதலிலிருந்து வருகிறேன்.

நோட்டை மறுபடி புரட்டினேன். மாரிஸின் லோரியில் சரக்குப் பெட்டியின் நான்கு மூலைகளும் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று ஜூனில் குறித்திருக்கிறேன். பின் வலது மூலையைவிடப் பின் இடது ஒன்றரை அங்குலம் குறைவு. நானே எழுதியது, அன்று கவனிக்காமல் எழுதிக்கொண்டு போயிருக்கிறேன். அடிக்கு அங்குலம், பன்னிரண்டில் ஒரு பங்கு என்றால், ஒன்றரை அங்குலம் என்பது —

அரைக்கால்.

என் லோரி தப்பு செய்யவில்லை. பார்த்ததைச் சொல்லியிருக்கிறது. சாய்ந்திருப்பது மாரிஸின் லோரி!

உடனே டேப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். மாரிஸ் வீட்டில் இல்லை, லோரி இருந்தது. இப்போது வித்தியாசம் இரண்டு அங்குலம். ஆறு வாரத்தில் அரை அங்குலம் இறங்கியிருக்கிறது. உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது. கிரீஸும் மண்ணும் அப்பிக் கிடப்பதால் எதுவென்று கண்ணுக்குத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 3

மாரிஸிடம் சொன்னேன். சொன்ன இடம் சரியில்லை. செங்கல் ஏற்றுகிற ஆட்கள் சுற்றி நின்றார்கள்.

“பொம்மை சாஞ்சிருக்குன்னு சிரிச்சேன். அதுக்காக என் வண்டியக் குத்தம் சொல்றீங்களா?”

“இல்ல மாரிஸ், அளந்து பாத்தேன்...”

“தினம் நான் ஓட்டறேன் லா! எனக்குத் தெரியாதா? ரோடு சாய்வு அத்தான். நீங்க போய் பிஸ்கட் டின்ன வெட்டுங்க.”

ஆட்கள் சிரித்தார்கள். திரும்பி நடந்து வந்தேன்.

ஆகஸ்ட் 9, ஞாயிறு.

பூசையில் சாமியார் அறிவித்தார்: வருகிற ஞாயிறு கிள்ளானில் மாதா திருநாள், நம் பாடகர் குழுவை மாரிஸ் தன் லோரியிலேயே அழைத்துப் போகிறார். மொத்தம் இருபத்திரண்டு பேர். மாரிஸ் எழுந்து நின்றான். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான். அவனை அப்படி நான் பார்த்ததேயில்லை. முகத்தில் அப்படி ஒரு பெருமை.

ஜோசஃபினும் பாடகர் குழுவில்தான் இருக்கிறாள்.

ஆகஸ்ட் 12

ஜோசஃபினிடம் சொன்னேன். “ரெண்டு பேரும் சின்னப் புள்ளைங்களா?” என்று கேட்டுவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்த நோட்டில் பொய் எழுதி யாரை ஏமாற்றப் போகிறேன்? அந்த இரண்டாம் தேதி, வித்தியாசம் இரண்டு அங்குலம் என்று டேப் காட்டியதும் முதலில் எனக்கு வந்தது பயம் இல்லை. சந்தோஷம். என் கை தப்பவில்லை என்ற சந்தோஷம். பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. அந்த வண்டி உடைந்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேனா? சீ. என்ன மனுஷன்டா நீ, வாலண்டைன்.

ஆனால் என் மனசு எப்படி இருந்தாலும், இரண்டு அங்குலம் இரண்டு அங்குலம்தானே?

ஆகஸ்ட் 16, ஞாயிறு. மாதா திருநாள்.

காலை ஆறரைக்குக் கோயில் வாசலில் போய் நின்றேன். கையில் பித்தளைத் தாம்பாளம், ஒரு கூஜா தண்ணீர். குழுவினர் வெள்ளையும் நீலமுமாக உடுத்திக்கொண்டு லோரியில் பெஞ்சு போட்டு உட்கார்ந்தாகிவிட்டது. ஜோசஃபின் என்னைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டாள்.

“எல்லாரும் ரெண்டு நிமிஷம் இறங்குங்க” என்றேன்.

“மந்திரிக்கப் போறாரா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு. சாமியார் என்னவோ ஏதோ என்று பார்த்தார். ஒருவரும் இறங்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நானே ஏறினேன். லோரியின் தரைப் பலகை நடுவில் தாம்பாளத்தை வைத்துத் தண்ணீர் ஊற்றினேன். தண்ணீர் இடது விளிம்புக்குப் போய், சாந்தமேரி அக்காவின் புதுச் சேலையில் வழிந்தது. அக்கா போட்ட சத்தத்தில் எல்லோரும் இறங்கிவிட்டார்கள்!

ஆள் இறங்கிய பிறகு மறுபடி ஊற்றினேன். அப்போதும் இடதுதான்.

“ரோடு சாய்வுன்னு எத்தன வாட்டி சொல்றது?” மாரிஸின் முகம் சிவந்திருந்தது.

“சரி. அப்ப வண்டியத் திருப்பி, இதே எடத்துல மூஞ்சிய அந்தப் பக்கமா வச்சு நிறுத்து. ரோடு சாய்வா இருந்தா தண்ணி இப்ப வலது பக்கம் போகணும். போச்சுன்னா எல்லார் முன்னாடியும் ஒங்கிட்ட மன்னிப்புக் கேக்கறேன். வீட்டுல இருக்கிற வண்டி அத்தனையும் மிதிச்சு நசுக்கிடறேன்.”

“மாட்டேன். நேரமாச்சு. ஏறுங்க எல்லாரும்.”

இரண்டு பேர் ஏறவும் ஏறிவிட்டார்கள். இனி என்ன செய்வது? சக்கரத்தின் முன்னால் படுத்துவிடலாமா?

அப்போதுதான் ஜோசஃபின் பேசினாள். சத்தமாகக்கூட இல்லை.

“மாரிஸ். திருப்புடா.”

“அக்கா, நீயுமா?”

“இவரு என் டின்ன திருடுவாரு, ஊசிய திருடுவாரு. அளவுல பொய் சொன்னதில்ல. நீ திருப்பு. இல்லாட்டி நான் ஏற மாட்டேன், யாரையும் ஏற விடவும் மாட்டேன்.”

திருப்பினான். அதே இடத்தில் நிறுத்தினான். இந்த முறை கூஜாவை என் கையிலிருந்து பிடுங்கி அவனே ஊற்றினான். இருபத்திரண்டு பேரும் சாமியாரும் எட்டிப் பார்த்தோம். தண்ணீர் கொஞ்சம் தயங்கியது. பிறகு லோரியின் இடது பக்கமே போனது.

யாரும் சிரிக்கவில்லை. மாரிஸ் தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ரயிலில் போனோம். பூசையில் பாதி முடிந்துவிட்டது. ஈரச் சேலையோடு சாந்தமேரி அக்கா பாடிய பாட்டில் கிள்ளானே அதிர்ந்தது. மாரிஸ் வரவில்லை. ஜெயித்தது நான்தானே? பிறகு ஏன் வழியெல்லாம் அவன் உட்கார்ந்திருந்ததே கண்ணில் நின்றது?

ஆகஸ்ட் 18

காலி லோரியை மாரிஸ் நடை வேகத்தில் சாலாக் செலாத்தான் பட்டறைக்குக் கொண்டுபோயிருக்கிறான். பிரித்துப் பார்த்தால், இடது பின் ஸ்பிரிங்கின் தலைப்பட்டை இரண்டு துண்டு. அதை வண்டியோடு பிடித்து வைத்திருக்கும் இரும்பில் நான்கு ரிவெட் ஆணிக்கு மூன்று போயிருக்கிறது. ஒற்றை ரிவெட்டில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது! ஆளேற்றி ஒரு வளைவில் திருப்பியிருந்தால் சக்கரமே தனியாகப் போயிருக்கும் என்றாராம் பட்டறைச் சீனர்.

இதை மாரிஸ் அக்காவிடம்தான் சொன்னான். என்னிடம் இல்லை. ஜோசஃபின் என்னிடம் வந்து சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சந்தோஷம் வருகிறதா என்று என்னையே சோதித்துப் பார்த்தேன். வரவில்லை.

ஆகஸ்ட் 23

மாரிஸ் கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தான். நான் வெளியே வருவதற்குள் போய்விட்டான்.

ஆகஸ்ட் 30, ஞாயிறு.

சாப்பாட்டு நேரத்துக்கு வாசலில் ஹார்ன். மாரிஸ். உள்ளே வந்தவன் என்னைப் பார்க்காமல் நேராக என் மேசைக்குப் போய், சாய்ந்து நிற்கும் லோரியின் முன் நின்றான்.

“என் வண்டி நிமிந்துருச்சு அத்தான்” என்றான். “இதையும் நிமித்திருங்க லா. பாக்கவே வெக்கமா இருக்கு.”

“புதுசா அளவு எடுக்கணுமே.”

“வாங்க. டேப்போட அந்த முனைய நான் புடிக்கிறேன்.”

சோறு ஆறுகிறது என்று ஜோசஃபின் மூன்று முறை கூப்பிட்டாள். நாங்கள் இருவரும் லோரிக்கு அடியில் இருந்தோம்.

செப்டம்பர் 13, ஞாயிறு.

சின்ன லோரியின் பெட்டிக்கு மேல் போட நான் தைத்திருந்த கான்வாஸ் கூரையை ஜோசஃபின் இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள். “இது தையலா? எலி கடிச்சதா?” பிரித்துவிட்டு அவளே தைத்தாள். ஓரத்தில் கயிறு நுழைய ஓட்டைகள், ஒவ்வொன்றைச் சுற்றியும் கடுகு அளவில் பட்டன் தையல். லோரி முழுவதிலும் இப்போது அதுதான் அழகு. இதை அவளிடம் சொல்லியும் விட்டேன்.

அக்டோபர் 11, ஞாயிறு.

சாமியாருக்கு யாரோ ஒரு சின்னக் கறுப்புக் கார் கொடுத்திருக்கிறார்கள். பூசை முடிந்ததும் எல்லோரும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஜோசஃபின் மூன்று சுற்று வந்தாள். பிறகு கைப்பையிலிருந்து தையல் டேப்பை எடுத்து, “சாமி, ஒரு நிமிஷம்” என்று முன் சக்கரத்தின் அருகே குந்தி உட்கார்ந்துவிட்டாள். சாமியார் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

மத்தியானம் மூன்று மணி. என் மேசையில் எனக்கு இடமில்லை. கத்தரிக்கோல் ஜோசஃபின் மடியில். மட்கார்டின் வளைவு வரவில்லை போலிருக்கிறது. நாக்கைக் கடித்துக்கொண்டு தகரத்தை மூன்றாவது முறையாகத் தட்டுகிறாள்.

சோறு நான் வடித்தேன். ரசமும் நான்தான். தட்டைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தேன்.

“உப்பு ஜாஸ்தி” என்றாள், தலை நிமிராமல்.