தோட்டா இல்லை என்று சொன்னேன்

திருத்துறைப்பூண்டி
12-12-69

அன்புள்ள அத்தானுக்கு,

நலம். பாப்பாவுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். பல் வருகிறதாம்.

மாமா இரட்டைக்குழல் துப்பாக்கி வாங்கியிருக்கிறார், தோட்டா வாங்கவில்லை. "சுடவா வாங்குனேன்? பாத்தா போதும்மா" என்கிறார். ஆட்கள் வயலுக்குப் போகிற நேரமாகப் பார்த்து, களத்தில் நாற்காலி போட்டு எண்ணெய் தடவித் துடைக்கிறார். சர்க்கார் கூலிச் சட்டம் போட்டும் அவருக்குக் கொடுக்க மனமில்லை. தை அறுவடைக்கு வெளியூர் ஆட்களை இறக்குவாராம். இங்குள்ளவர்கள் விடமாட்டோம் என்கிறார்கள்.

டெல்லியில் நீங்கள் ஆராய்வது இதுதானே? அணுகுண்டை வைத்துக்கொண்டு, போடாமலே தேசங்கள் ஒன்றையொன்று தடுத்து நிறுத்துவது? எனக்கு ஒன்று விளங்கவில்லை. துப்பாக்கி வந்த மறுவாரமே, தண்ணீர் எடுக்கப் போகிற பெண்கள்கூட இடுப்பில் அரிவாள் செருகிக்கொண்டார்கள். அதைப் பார்த்து மாமா ஆறு அடியாட்களை வரவழைத்துவிட்டார். எல்லோரும் காப்புக்கு என்றுதான் செய்கிறார்கள். அப்படியும் பயம் ஏன் கூடுகிறது?

தங்கள்
அமிர்தம்


புதுடெல்லி
19-12-69

அன்பு அமிர்தத்துக்கு,

எங்கள் பேராசிரியர் கேட்கிற கேள்வியை நீ கேட்டுவிட்டாய். ஒருவன் காப்புக்குச் செய்வது எதிராளிக்குத் தாக்குதலாகத் தெரிகிறது. உடனே அவனும் ஒன்று செய்கிறான். நடப்பதையெல்லாம் தேதி போட்டுக் குறித்து வை, என் ஆய்வுக்கு உதவும்.

தோட்டா இல்லை என்பது மட்டும் வெளியே தெரியக்கூடாது. எதிராளி நம்புகிறவரைக்கும்தான் மிரட்டலுக்கு உயிர்.

தியாகராசன்


திருத்துறைப்பூண்டி
3-1-70

அன்புள்ள அத்தானுக்கு,

காய்ச்சல் விட்டதா என்று நீங்கள் கேட்கவில்லை. விட்டுவிட்டது.

உங்கள் கடிதம் வருமுன்பே பொன்னுத்தாயிடம் சொல்லிவிட்டேன். நம் கொட்டில் கூட்டுகிறவள். சங்கத் தலைவர் செல்லதுரை அவள் புருஷன். பாப்பா கையை நீட்டியும் தூக்காமல் தள்ளியே நின்றாள். "அவரச் சுட்டுருவாங்களாம்மா?" என்றாள். "தோட்டாவே கிடையாது பொன்னுத்தாயி" என்றேன். அப்புறம்தான் பாப்பாவை வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு இடுப்பில் அரிவாள்களும் குறைந்தன. அப்படியானால் உங்கள் பேராசிரியர் சொல்வது தவறா என்று கேட்டு எழுத இருந்தேன்.

நேற்று மாமா மன்னார்குடி போய்த் தோட்டாப் பெட்டியோடு வந்தார். தோட்டா எங்கே என்று அடியாட்கள் கேட்டார்களாம். நான் ஓடிப்போய்ப் பொன்னுத்தாயிடம் சொன்னேன். அவள் சிரிக்கிறாள். "அய்யா சொல்லச் சொன்னாங்களா?" என்கிறாள்.

வெறும் துப்பாக்கி என்று நம்பி நேரே நடந்து வருவார்கள் அத்தான். நான் சொன்னதால். என்ன செய்யட்டும்? உடனே எழுதுங்கள்.

அமிர்தம்


திருத்துறைப்பூண்டி
20-1-70

அத்தானுக்கு,

பதில் வரவில்லை.

நேற்று அறுவடை. காலையில் மாமா துப்பாக்கியில் இரண்டு தோட்டா போட்டுச் சுவரில் சாத்திவிட்டுக் குளிக்கப் போனார். அதை அவர் எப்படித் திறக்கிறார் என்று முன்பே பார்த்துவைத்திருந்தேன். இரண்டையும் எடுத்தேன். பெட்டியையும் எடுத்துப் பாப்பாவின் துணிக்கூடையில் மூடிக் கொண்டுபோய் வாய்க்காலில் கொட்டினேன். கொட்டிய வேகத்தில் பாப்பாவின் சட்டை ஒன்றும் தண்ணீரோடு போய்விட்டது.

வெளியூர் ஆட்கள் வயலில் இறங்கியதும் செல்லதுரை முன்னே நடந்தார், பின்னால் அறுபது பேர். அடியாட்கள் பின்னால் நிற்க, மாமா வரப்பில் நின்று துப்பாக்கியை உயர்த்தினார். "கை வலிக்கப்போவுது, எறக்குங்கய்யா" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நான் பாப்பாவோடு களத்தில் நின்றேன்.

மாமா விசையை இழுத்தார். டிக் என்றது. மறுபடி இழுத்தார். பிறகு துப்பாக்கியைத் திறந்து உள்ளே பார்த்தார். அவர் பார்த்த பார்வையிலேயே எல்லோருக்கும் புரிந்துவிட்டது. சிரிப்பு நின்றது. செல்லதுரை மெதுவாகத்தான் கேட்டார்: "நெசமாவே இழுத்துட்டீங்களே அய்யா?"

மாமா வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். அடியாட்களும் வெளியூர் ஆட்களும் ஒவ்வொருவராகக் கரையேறிப் போனார்கள். சாயங்காலம் சட்டக்கூலிக்கு ஒத்துக்கொண்டார். என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

பார்த்தால் போதும் என்றவர் அவர். நீங்களும் நம்பினீர்கள், நானும் நம்பினேன். உங்கள் அப்பா இழுத்தார் அத்தான். அதையும் ஆய்வில் எழுதுவீர்களா?

அமிர்தம்


புதுடெல்லி
27-1-70

அமிர்தம்,

மூன்றாம் தேதிக் கடிதத்துக்கு ஐந்து பக்கம் பதில் எழுதினேன். படித்துப் பார்த்தால் அதில் நீ செய்யக்கூடியது ஒன்றுகூட இல்லை. அதனால்தான் அனுப்பவில்லை.

குறிப்புகளைக் கட்டி வைத்துவிட்டேன். சனிக்கிழமை ரயில் ஏறுகிறேன். அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

பாப்பாவுக்கு இப்போது எத்தனை பல்?

தியாகராசன்