பூட்டியதைத் திறந்து பார்த்தவன்

மச்சான், உனக்கு ஸலாம்.

இன்று காலை படகடியில் சிலிக்கன் பசை டியூப்பின் மூடியைத் திறந்ததும் வினாகிரி வாசம் குப்பென்று அடித்தது. வேறு யாருக்கும் அதில் ஊறுகாய் ஞாபகம்தான் வரும். எனக்கு நீ வந்தாய். நீ மௌத்தாகி எங்களை விட்டுப் போன பிறகு இந்த வேலையில் நான் தனியே கை வைப்பது இதுதான் முதல் தரம்.

அறுகம்பேயில் ஒரு வெள்ளைக்காரன் விட்டுப்போன பாய்ப்படகை, சுற்றிப்பார்க்க வருகிறவர்களை ஏற்றி ஓட்ட நான் வாங்கியபோது ஊரே சிரித்தது. பாய்மரத்தை நிமிர்த்திப் பிடிக்கும் கம்பி ஒன்று இழை இழையாய் விடத் தொடங்கியிருந்தது. புதுக்கம்பி கிடைத்தது. அதன் இரண்டு நுனிகளையும் கவ்விப் பிடிக்கிற டேர்மினல்தான் எங்கு தேடியும் இல்லை. பழையவற்றைக் கழற்றித் திரும்பப் பூட்ட வேண்டும். கல்முனையில் நெல் வெட்டும் மெஷின் திருத்திக்கொண்டிருந்த உன்னிடம் கொண்டுவந்தேன். கடலில் கால் நனைக்கவே பயந்த ஆள் நீ. கம்பியைக் கண்டதும் வெட்டுமெஷினை அப்படியே விட்டுவிட்டாய்.

நான் ஸ்பனரில் பைப்பைச் செருகி முக்கிக்கொண்டிருந்தேன். நீ அதைப் பறித்தாய். உள்ளே பழைய பசை இறுகியிருக்கிறது, பலம் காட்டினால் திருகுப்புரி போய்விடும் என்றாய். டேர்மினலை உன் வீட்டு அடுப்பில், மதினியின் தேத்தண்ணிக் கேத்தலில் போட்டுக் கொதிக்க வைத்தாய். சூட்டோடு திருகியதும் கழன்று வந்தது. மதினி ஒரு கிழமை நம் இருவரோடும் கதைக்கவில்லை.

உள்ளே கம்பியிழைகள் பக்கத்தில் பிளவுள்ள ஒரு சின்னக் கூம்பைச் சுற்றி இறுகிக் கிடந்தன. வெளிக்கூடு இன்னும் எத்தனை தரமும் உழைக்கும், கூம்பு மட்டும் புதிதாக வேண்டும் என்று ஒரே பார்வையில் சொல்லிவிட்டாய். கூம்புகள் தபாலில் வந்து சேர்ந்தன. முதல் நுனியில் இழைகளைப் பிரித்துக் கூம்பைச் செருகினாய். இழைகளை அதன்மேல் சீராகப் படிய வைத்து ஒருமுறை பூட்டினாய். பிறகு திறந்தாய். இழைகள் ஒழுங்காக வளைந்திருப்பதைப் பார்த்த பிறகே பசை வைத்தாய். இதையெல்லாம் யாரும் உனக்குச் சொல்லித் தரவில்லை. எனக்கு அன்றே உன்மேல் பொறாமை.

அறுகம்பேயில் கம்பியைக் கட்டியதும், முதல் ஓட்டத்துக்குக் கண்டியிலிருந்து ஒரு குடும்பம் வந்து நின்றது. தாய், தகப்பன், இரண்டு பெண்பிள்ளைகள். அப்போதுதான் நீ மோட்டார் சைக்கிளில் புழுதியோடு வந்து இறங்கினாய்.

"ரெண்டாவது நுனியத் தொறந்து பாக்கணும் மச்சான். பூட்டினதோட அஸருக்குப் பாங்கு சொல்லிட்டாங்க. தொழுதுட்டு வந்து, பாத்தாச்செண்டு நினச்சிப் பசய வச்சிட்டன். விடியக் காலம சுபஹ் தொழக்குள்ளதான் ஞாபகம் வந்திச்சி."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதல் நாளே ஆட்களைத் திருப்பி அனுப்பினால் என் பிழைப்பு அதோடு போச்சு என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். இன்று ஓடட்டும், நாளைக்குத் திறப்போம் என்றேன். நீ கம்பியைக் கழற்றி எடுத்துக்கொண்டு மணலில் குந்திவிட்டாய். திறந்தபோது ஓர் இழை கூம்பின் பிளவுக்குள் விழுந்திருந்தது. கூம்புக்குப் பிடிப்பே இல்லை. காற்று ஓங்கியிருந்தால் கம்பி உருவிப் பாய்மரம் அந்தப் பிள்ளைகளின்மேல் சரிந்திருக்கும்.

நான் ஏதாவது சாக்குச் சொல்லத் தேடிக்கொண்டிருந்தேன். நீ எழும்பி நேரே அந்தத் தகப்பனிடம் போனாய்.

"பிழ என்ட கையால நடந்தது. இவருக்கு ஒண்டும் தெரியா. கொஞ்சம் பொறுப்பீங்களா?"

அவர் பொறுத்தார். கம்பியில் நான்கு விரற்கடையை வெட்டிவிட்டுப் புதுக்கூம்பு வைத்துப் பூட்டினாய். மறக்காமல் திறந்தும் பார்த்தாய். போன மாதம் பழசான கம்பியை நான் கழற்றும்வரை அந்தப் பூட்டு அசையவில்லை. கெட்டித்தனமான மெக்கானிக்குகளை நிறையக் கண்டிருக்கிறேன். தன் வேலையைத் தானே சந்தேகிக்க ஒன்றரை மணித்தியாலம் ஓடிவந்தவன் நீ ஒருவன்தான்.

இன்று நான் பூட்டியதைத் திறந்தபோது இரண்டு இழைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தன. மாற்றிப் பூட்டக் கையில் வேறு கூம்பும் இல்லை. ஆட்கள் வந்து காத்திருந்தார்கள். படகு தயார் என்று அவர்களுக்கு முன்பே சொல்லியும் விட்டிருந்தேன். போய், பிழை என்னுடையது, இன்று படகு போகாது என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு வேறு படகு பார்க்கப் போனார்கள்.

அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் உனக்கு எப்படி வெட்கம் வரவில்லை என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன். இன்று எனக்கும் வரவில்லை மச்சான்.