நான் எழுதிய அஞ்சலை

ஜூன் 10, செவ்வாய்

கத்திரி முடிந்தும் வெயில் முடியவில்லை. காலையிலிருந்து புழுதிக் காற்று. ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் மேசையெல்லாம் மண்.

இன்றைய வேலை: அண்ணனின் சட்டசபைப் பேச்சு. அண்ணன் என்பது எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. வயதில் எனக்குச் சின்னவர்தான். ஊரே அண்ணன் என்கிறது, நானும். நாளை மறுநாள் மக்கள் நல்வாழ்வுத் துறை மானியக் கோரிக்கை. மற்றவர்கள் பாலம், ரோடு கேட்பார்கள். இவர் ஜெயித்த நாள் முதல் மருந்து, மருந்து என்றுதான். அதனால்தான் அரசு மருந்தகத்தில் முப்பது வருடம் மாத்திரை எண்ணிக் கொடுத்து ஓய்வு பெற்ற என்னைக் கூப்பிட்டுக் குறிப்பெழுத வைத்திருக்கிறார்.

எழுதி முடித்தவை:
- ஆரம்ப சுகாதார நிலையங்களில் இன்ஹேலர் இருப்பு இல்லை. வெளியே வாங்கச் சொல்லிச் சீட்டு.
- ஒரே மருந்து, கடைக்குக் கடை வேறு பெயர், வேறு விலை.
- செராமிக், சூளை வேலைக்காரர்களுக்கு நுரையீரல் சோதனை. இன்ஹேலர் வீடு தேடி வர வேண்டும்.

மூன்று மணிக்கு சென்னையிலிருந்து போன். எல்லாம் சரி, இதில் ஆள் எங்கே என்றார். புள்ளிவிவரம் யார் காதிலும் நிற்காது, ஒரு ஆளைச் சொன்னால்தான் சபை நிமிர்ந்து பார்க்கும். ஆறு மணிக்குள் வேண்டுமாம்.

உண்மையான நோயாளியைத் தேடி, சம்மதம் கேட்டு... நேரமில்லை. உட்கார்ந்த இடத்தில் ஒருத்தியை உண்டாக்கினேன். அஞ்சலை, வயது 46. ஊர் திட்டக்குடி தாண்டி மங்களூர்ப் பக்கம் (நான் கால் வைத்ததே இல்லை, யாரும் போய்ப் பார்க்கவும் மாட்டார்கள்). தினம் பஸ்ஸில் விருத்தாசலம் வந்து களிமண் மாவு சலிக்கும் வேலை. புருஷன் இல்லை. பெண் திருப்பூரில். தினம் இழுக்க வேண்டிய மருந்தை ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஒவ்வொரு இழுப்புக்கும் அடுப்படிச் சுவரில் ஒரு கரிக்கோடு. சூடு படாமலிருக்க இன்ஹேலரை அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பாள் என்றும் எழுதினேன். நீளமாக இருந்தது. அந்த வரியை அடித்தேன். தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டுத் திருத்தியதை அனுப்பினேன்.

பொய்தான். ஆனால் இப்படி நூறு பேருக்கு நான் கையால் மருந்து கொடுத்திருக்கிறேன்.

கால் வீக்கம் குறையவில்லை. உப்பைக் குறைக்க வேண்டும்.

ஜூன் 12, வியாழன்

மேகம். மழை இல்லை. பேச்சை அண்ணன் ஆபீஸ் டிவியில் பார்த்தேன். கரிக்கோடு வந்ததும் சபையில் சலசலப்பு நின்றது. அமைச்சரே எழுந்து, அந்த அம்மாவின் முகவரி கொடுங்கள், மருந்து போய்ச் சேரும் என்றார்.

அண்ணனுக்கு ஏக சந்தோஷம். நாலு மணிக்கே துறையிலிருந்து போன். பெயர், கதவு எண், திங்கட்கிழமைக்குள்.

ஜூன் 13, வெள்ளி

மனு நாள். இருபது பேருக்கு மேல். கடைசியில் ஒரு பெண், பெஞ்சு நுனியில். படியேறிய இளைப்பு அடங்கட்டும் என்று காத்திருந்தாளாம்.

"என்னப்பத்திப் பேசுனீங்களாமே. மருந்து எப்பங்க வரும்?"

பெயர் அஞ்சலை. மங்களூர்ப் பக்கம். ஆதாரில் கணக்குப் போட்டேன், 46.

எனக்குப் பேய் பிசாசு நம்பிக்கை கிடையாது. அஞ்சலை தெருவுக்கு ஒருத்தி உண்டு. டிவியைப் பார்த்துவிட்டு மருந்துக்காக வந்திருப்பாள், வரட்டுமே. நெஞ்சில் விசில் சத்தம் நடிப்பில்லை. அது என் காதுக்குத் தெரியும். பெண் எங்கே என்றேன். திருப்பூர். அதுவும் பேச்சில் இருக்கிறதே.

மருந்தை வெயிலில் வைக்காதே என்று பழக்கத்தில் சொன்னேன். "இல்லிங்கம்மா. அரிசிப் பானைக்குள்ள பொதச்சி வச்சிருக்கேன்" என்றாள்.

தண்ணீர் குடித்தேன். அவளுக்கும் கொடுத்தேன். டம்ளரை வாங்கும்போது அவள் விரல் என் கையில் பட்டது. சூடான, சாதாரணக் கை.

ஜூன் 15, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து நேரே பஸ் ஸ்டாண்டு. மருந்துக் கடையில் என் காசில் இரண்டு இன்ஹேலர் வாங்கிக்கொண்டேன். திட்டக்குடியில் மாறி, மங்களூரில் இறங்கி, ஷேர் ஆட்டோ. கதவு எண் எடுக்கத்தான் போனேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ஓட்டு வீடு. அடுப்படிச் சுவரில் கரிக்கோடுகள். நேற்றுக் கிழித்தவை அல்ல. கீழ் வரிசைகள் மேல் புகை படிந்து, எண்ணெய் ஏறி, பாதி மறைந்து கிடந்தன. பல வருடத்து வேலை. நான் எழுதி ஐந்து நாள்தான் ஆகிறது.

பயந்தேன். இதை யாரிடமும் சொல்ல மாட்டேன், இங்கே எழுதுகிறேன்.

இரண்டு இன்ஹேலரையும் கொடுத்து, இனி தினமும் இழுக்க வேண்டும், தீர்ந்தால் நான் தருவேன் என்றேன். தலையாட்டினாள். அவற்றையும் அரிசிக்குள் புதைத்தாள். இன்று அவளுக்கு மருந்தில்லாத நாளாம், நாளைக்குத்தான். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

கிளம்பும்போது வாசல் வரை வந்தாள். "ஏம்மா, நீங்கதான எழுதுனீங்க. கடைசில நான் பொழச்சிக்கிறனா?"

அது மருந்து விலையைப் பற்றிய பேச்சு, அதெல்லாம் அதில் வராது என்றேன். "அப்ப இன்னும் எழுதல" என்றாள். கோபமில்லை. ரேஷன் கடையில் சர்க்கரை வந்ததா என்று கேட்பவள் குரல்.

அவள் போன் நம்பரை வாங்கிக்கொண்டேன்.

ஜூன் 16, திங்கள்

முகவரியை அனுப்பினேன். துறை வாங்கிக்கொண்டது. முகவரி நிஜம்தானே.

அண்ணனிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். நான் உண்டாக்கியது, அவள் வந்தது, பானை, சுவர். சிரித்தார். மருந்துக்காக யாரோ வேஷம் போட்டு வந்திருக்கிறார்கள், பேச்சு அவ்வளவு நன்றாக இருந்திருக்கிறது என்றார். பிறகு விஷயத்துக்கு வந்தார். புதன்கிழமை கவன ஈர்ப்புத் தீர்மானம். அஞ்சலை இன்று எப்படி இருக்கிறாள் என்று ஒரு பத்தி. இந்த ஒருமுறை அழுத்தினால் மாவட்டம் முழுக்க இன்ஹேலர் வீடு தேடி வரும். விட்டால் இன்னொரு வருடம்.

மூன்று மணி நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் மோசமாக இருக்கிறாள் என்று எழுதினால் திட்டம் கிடைக்கும். நன்றாக இருக்கிறாள் என்றால் அமைச்சர் சரி என்று உட்கார்ந்துவிடுவார், மற்ற அத்தனை பேரும் வெளியே வாங்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான். படித்தவள், அறுபத்தொரு வயது, இப்படியா யோசிப்பது. யோசித்தேன்.

எழுதியது: "அஞ்சலை நலமாக இருக்கிறார். தினமும் மருந்து எடுக்கிறார். இளைப்பு குறைந்திருக்கிறது. மற்றவர்களுக்கும் இது கிடைக்க வேண்டும்."

சப்பென்று இருக்கிறது. மாற்றவில்லை. அனுப்பிவிட்டேன்.

கோதுமை மாவு தீர்ந்துவிட்டது. கேஸுக்குச் சொல்ல வேண்டும்.

ஜூன் 17, செவ்வாய்

அஞ்சலை போன். தினம் இழுக்கிறாளாம், நேற்றிலிருந்து. ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை, மனசு வந்ததாம். படியேறினால்கூட முன்போல் இளைக்கவில்லையாம். எனக்கு உடம்பெல்லாம் லேசானது. நான் அந்தப் பத்தியை அனுப்பிய நேரத்தைப் பார்த்தேன், அவளுக்கு மனசு வந்த அதே நேரம். பிறகு பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

ஜூன் 18, புதன்

இடி. தூறலோடு சரி.

11.40. டிவி முன் எல்லோரும். அண்ணன் என் தாளைத்தான் வாசித்தார். நலமாக இருக்கிறார் என்ற வரிக்கு வந்தார். எதிர்ப்பக்கம் யாரோ, அப்புறம் என்ன குறை என்றார்கள். சிரிப்பு. நேரம் முடிந்ததென்று மணி அடித்தது. அண்ணன் தாளை மேசையில் வைத்தார்.

"மருந்து வர்றதுக்கு முன்னாடியே அந்த அம்மா போய்ச் சேந்துட்டாங்க" என்றார்.

அமைச்சர் எழுந்தார். அடுத்த மாதம் முதல் மாவட்டம் முழுவதும் இன்ஹேலர் வீட்டுக்கே வரும், இலவசம்.

ஆபீஸில் லட்டு. வெளியே வெடி. எனக்கும் ஒரு லட்டைக் கையில் திணித்தார்கள். வைத்துக்கொண்டே நின்றேன்.

அஞ்சலைக்குப் போன் செய்தேன். ஸ்விட்ச் ஆஃப். மறுபடி. மறுபடி.

மூன்றரைக்கு அண்ணன் கிடைத்தார். வேகத்துல வந்துடுச்சுக்கா, அது உங்க கைச்சரக்குதானே என்றார். உயிரோடு இருக்கிறாள், வீட்டுக்கே போய் வந்தேன் என்று அன்றைக்கே சொன்னேனே என்றேன். கெட்டவரில்லை அவர். இந்த மாவட்டத்தில் இனி பல பேர் மூச்சு விடப் போவது அவரால்தான்.

"அப்ப கொஞ்ச நாளைக்கு அவங்கள வெளிய வர வேணாம்னு சொல்லுங்கக்கா."

போன் இன்னும் ஸ்விட்ச் ஆஃப். பஸ்ஸுக்குக் கிளம்பினேன், அந்தப் பக்கம் நல்ல காற்று மழையாம், ரோட்டில் மரம் விழுந்து திட்டக்குடிக்கு வண்டி இல்லை. காலை முதல் பஸ்.

ஜூன் 19, வியாழன்

பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். இப்போதுதான் அவளிடமிருந்து போன் வந்தது. அவள் குரல்தான். கரண்ட் இல்லாமல் போன் செத்துக் கிடந்ததாம், இப்போதுதான் சார்ஜ் ஏறியதாம். கர்த்தருக்கு நன்றி என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்திலிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

இளைப்பே இல்லை என்கிறாள். கொஞ்சமும் இல்லையாம். மூச்சு வருகிறதா என்று மூக்கில் கை வைத்துப் பார்த்துக்கொண்டாளாம்.

ஊர் நர்சம்மா விடியற்காலையே வந்து, வீட்டுக்கு வரும் மருந்துப் பட்டியலில் அவள் பெயரை அடித்துவிட்டுப் போயிருக்கிறார். இவள் எதிரில்தான் நின்றாளாம். நர்சம்மா இவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திருப்பூர்ப் பெண்ணுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள், அழுதுகொண்டே பஸ் ஏறிவிட்டது.

பின்னால் நிறையப் பேர் பேசும் சத்தம். வாசலில் சாமியானாக் கம்பு நடும் சத்தம்.

பயப்படாதே, இதோ வருகிறேன் என்றேன். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மாலையோட வந்து நிக்கிறாங்கம்மா. நான் வெளிய வரட்டுமா, உள்ளாரயே படுத்துக்கட்டுமா?"