தாசுக்கு அடிக்காத மணி

இன்று காலை நம் சபைக் கோயில் மணி விட்டு விட்டு, மெதுவாக அடித்தது. யாரோ இறந்துவிட்டார்கள் என்று ஸ்ரீராம்புரத்தில் நம் சந்துக்கே சொல்லிவிடும் அடி அது. கல்லில் ஊற்றிய தோசை கருகும் வரைக்கும் கரண்டியும் கையுமாக அப்படியே நின்றேன். யாருக்கு என்று எதிர்வீட்டில்கூடக் கேட்கவில்லை. அந்த மணி கேட்டால் எனக்கு இரண்டு முகங்கள்தான் வரும். மணி அடித்து அனுப்பிவைத்த உன் முகம், அடிக்காமல் அனுப்பிய என் தம்பி தாசின் முகம்.

நீ செத்துப்போய் ஒன்றரை வருடம் ஆகிறது. நம் சண்டை மட்டும் முடியவில்லை.

நாம் இரண்டு பேரும் பீன்யாவில் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகிற பஸ்ஸில்தான் பாதிச் சண்டை நடக்கும். புதன்கிழமை வேதபாடத்தில் விட்டதை மறுநாள் காலையில் பஸ்ஸில் பிடித்துக்கொள்வோம்.

"நாம செஞ்சது எதுவும் அங்க ஆண்டவர் முன்னால நிக்காதுடி ரூபி. நம்பினது மட்டும்தான் நிக்கும்" என்பாய்.

"அப்போ நான் எதுக்கு லீவு நாள்ல ஆஸ்பத்திரிக்குப் போயி, யாருன்னே தெரியாத கெழவிக்குக் கஞ்சி ஊட்டணும்? வீட்ல காலை நீட்டிட்டு நம்பிட்டு இருக்கேன்."

"நம்பிக்கை இருக்கறதாலதான் ஊட்டுற. ஊட்டினதுக்காக உன்னை உள்ள விட மாட்டாரு."

"நியாயத்தீர்ப்பு நாள்ல, என்ன செஞ்சேன்னுதான் கேப்பாரு. அப்போ முழிப்ப பாரு."

நாம் போடுகிற சத்தத்தில் கண்டக்டர் எரிச்சலாகி, கன்னடத்தில் "மாத்தாடித்து சாக்கு, முந்தே ஹோகி!" என்று கத்துவார். பேசினது போதும், முன்னால் போங்கள் என்று விரட்டினால் கொஞ்சம் நகர்ந்துபோய் அங்கே நின்று தொடருவோம். பதினைந்து வருடம் இப்படி. பைபிள் நிருபங்களில் ஒன்று உன் பக்கம் பேசும், இன்னொன்று என் பக்கம் பேசும். நீ உன்னுடையதை விடமாட்டாய், நான் என்னுடையதை விடமாட்டேன். எனக்கு அது பிடித்திருந்தது என்பதை உன்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

தாசைப் பற்றி உனக்குத் தெரியாதது எதுவும் இல்லை. பெயின்டர். கைக்கு வந்ததையெல்லாம் குடித்தான். பொண்டாட்டி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓசூரில் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்கு எதிர்ப்பக்கம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, ஆராதனை முடியும்வரை பாட்டைக் கேட்டுக்கொண்டிருப்பான். "உள்ள வாடா" என்று எத்தனை தடவை இழுத்திருப்பேன். "எனக்கு வெளியதான்க்கா எடம். ஆனா அவரு என்னைக் கைவிட மாட்டாரு" என்பான். நாற்பத்தொரு வயதில் ஈரல் கெட்டுச் செத்தான்.

மூன்று வருடம் திருவிருந்தில் அப்பமும் ரசமும் எடுக்காதவர் இறந்தால், கமிட்டி சம்மதித்தால்தான் உடலைக் கோயிலுக்குள் கொண்டுவரலாம். இல்லையென்றால் மணியும் கிடையாது. வீட்டிலிருந்து நேராகக் கல்லறைத் தோட்டம். நம் சபையின் சட்டம் அது. மத்தியானம் கமிட்டி கூடியது. ஆறு ஆண்கள், செயலாளராக நீ. நான் வாசலில் நின்றேன். மூன்று பேர் சரி என்றார்கள், மூன்று பேர் கூடாது என்றார்கள். எல்லோரும் உன்னைப் பார்த்தார்கள். எனக்கு உயிர் வந்தது. நம்பினால் போதும் என்று பதினைந்து வருடம் என் காதில் ஓதியவள் ஆயிற்றே நீ.

"அவன் நம்பினான்" என்றேன். அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அவன் செய்தான் என்று காட்ட ஒரு நல்ல காரியம்கூட ஞாபகம் வரவில்லை.

"நம்பினா வாழ்க்கைல தெரியணும் ரூபி. இவன்கிட்ட என்ன தெரிஞ்சுது?" என்றாய்.

அது என் பேச்சு. பஸ்ஸில் நான் உன்னிடம் பேசிய அதே பேச்சு. ஒரே நிமிடத்தில் நீ என் கட்சிக்கும் நான் உன் கட்சிக்கும் தாவிவிட்டோம். கூடாது என்று கையைத் தூக்கினாய். அன்று சாயங்காலம் தாசை மணி இல்லாமல் கொண்டுபோனோம். கோயிலைத் தாண்டும்போது தூக்கியவர்கள் நடையைக் கொஞ்சம் குறைத்தார்கள். கதவு சாத்தியிருந்தது.

அதற்கப்புறம் இரண்டு வருடம் நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை. வேறு பஸ்ஸில் போனேன். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். திருவிருந்துக்கு எல்லோரும் எழுந்து போக, நீ மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாய். ஒரு மாதம் அல்ல, ஒவ்வொரு மாதமும். மனசு உறுத்துகிறவர்கள் அதைத் தொடக் கூடாது என்பார்கள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. நன்றாக அனுபவி என்று நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

வயிற்றில் கட்டி, முற்றிவிட்டது என்று உன் மகள் வந்து கூப்பிட்டாள். வார்டுக்கு வந்தேன். நீ பாதியாகியிருந்தாய். உட்காரக்கூட விடவில்லை, கையைப் பிடித்துக்கொண்டாய்.

"மத்தவங்களுக்கு நம்பினா போதும்னு சொல்றது சுலபம்டி. எனக்குன்னு வரப்போ பயமா இருக்கு. உன் தம்பிக்குக் கதவைச் சாத்தினவ நான். என்னை மட்டும் எப்படித் தொறந்து விடுவாரு? நீ மன்னிச்சிட்டேன்னு சொல்லு. அது போதும் எனக்கு."

சாத்தியிருந்த கதவுதான் என் கண்முன் நின்றது. தொண்டையில் இருந்தது வேறு வார்த்தை. இருந்தும், "எப்பவோ மன்னிச்சிட்டேன்" என்றேன்.

பொய். துளியும் மன்னிக்கவில்லை. உன் முகம் அப்படியே தளர்ந்தது. "இனிமே பயமில்ல" என்று சொல்லிக் கண்ணை மூடினாய். என்னை நீ சந்தேகப்படவே இல்லை. இரண்டு நாளில் போய்விட்டாய்.

உன் அடக்க ஆராதனையில் கோயில் கொள்ளவில்லை. நீ செய்த நல்லதையெல்லாம் ஒவ்வொருவராக எழுந்து அடுக்கினார்கள். நீ கேட்டிருந்தால் முகத்தைச் சுளித்திருப்பாய். ஆராதனை நடத்திய ஐயர் உன்னைப் பற்றிச் சாட்சி சொல்ல என்னையும் கூப்பிட்டார். எழுந்தேன். "இவளுக்காக எல்லாரும் ஜெபம் பண்ணுங்க" என்று மட்டும் வந்தது. முன் பெஞ்சுக்காரர்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். செத்தவர்களுக்காக ஜெபம் பண்ணுகிற வழக்கம் நம் சபையில் இல்லை என்பது எனக்குத் தெரியாதா? ஐயர் அவசரமாகப் பாட்டைத் தொடங்கினார். பிறகு தனியாகக் கூப்பிட்டு, "போனவங்க கணக்கு முடிஞ்சதும்மா, நாம ஒண்ணும் செய்ய முடியாது" என்றார்.

அவர் சொல்வது சரியாக இருந்துவிடக் கூடாது என்பதுதான் இப்போது என் பயமெல்லாம். நம்பினால் போதும் என்றால், கடைசியில் நீ நம்பிப் போனது என் பொய்யை. செய்ததைத்தான் பார்ப்பார் என்றால், நான் செய்தது அந்தப் பொய். எந்தப் பக்கம் போனாலும் முட்டுகிறது. எது சரி என்று கேட்கவும் நீ இல்லை.

அதனால் தினமும் முழங்கால் போடுகிறேன். "அவளை மன்னிச்சிட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறேன். சில நாள் வார்த்தை பாதியில் நின்றுவிடும். சில நாள் முழுதாக வரும், மனசு வராது. ஒரே ஒரு வேண்டுதல்தான் வைத்திருக்கிறேன்: நான் சொன்னது உண்மையாகிற வரைக்கும் அங்கே நியாயத்தீர்ப்புக்கு உன் பெயரைக் கூப்பிட்டுவிடக் கூடாது.