கடலில் இறக்கம் இல்லை

நாமக்கல்
16.6.2025

அன்புள்ள லிடியா,

இந்தக் காலத்தில் போய்க் கடிதம் எழுதுகிறேன், மன்னித்துக்கொள். உன் எண்ணுக்கு அழைத்தால் பாதி நேரம் உன் வீட்டுக்காரர்தான் எடுக்கிறார். ரூபன் அண்ணனிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. நம் கல்லூரியில் வாய்மொழித் தேர்வு என்றால் நான் எப்படி நிற்பேன் என்று உனக்குத் தெரியுமே.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகு கிளம்பியிருக்கும். நீங்கள் எங்கள் பட்டறையில் வாங்கிய எஞ்சின் லாரியில் ஓடியது. படகுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுத்தோம். ஓட்டிச் சோதித்தது நான். "ரெண்டாயிரத்து இருநூறுலயே வெச்சு ஓட்டுங்க, ஒண்ணும் ஆகாதுங்க" என்று எங்கள் முதலாளி காளியண்ணன் உன் வீட்டுக்காரரிடம் சொன்னதைக் கேட்டுக்கொண்டு சும்மா நின்றேன். நிமிடத்துக்கு அத்தனை சுற்று என்பது அந்த எஞ்சினின் உச்சம். லாரி கொஞ்ச நேரம் அதைத் தொடும். பிறகு இறக்கம் வரும், டோல்கேட் வரும், எஞ்சின் ஆறும். படகில் மணிக்கணக்காக அதே பாரம். ஆயிரத்து எண்ணூறைத் தாண்டாமல் ஓட்டினால்தான் எனக்கு நிம்மதி.

அவர் எவ்வளவில் ஓட்டுகிறார்? புகை என்ன நிறம்? விசாரித்து எழுது. நான் கேட்டதாகத் தெரிய வேண்டாம்.

உன்
அறிவுச்செல்வி


நாகப்பட்டினம்
25.6.2025

அறிவு,

உன் கடிதத்தை அவரிடம் காட்டிவிட்டேன். அவருக்குத் தெரியாமல் எனக்கு எதற்கு ஒரு கடிதம்? அவர் அதைப் படம் எடுத்து உன் முதலாளிக்கு அனுப்பி, என்ன இது என்று கேட்டார். "படிச்ச புள்ளைங்க, எதையாவது நெனச்சுப் பயந்துக்குமுங்க" என்றாராம்.

நேராகவே கேட்கிறேன். இதை உன்னை எழுதச் சொன்னது யார்? நாளைக்கு எஞ்சின் மக்கர் செய்தால், "நாங்கதான் கொறச்சு ஓட்டச் சொன்னோமே" என்று வாரண்டியைத் தட்டிக்கழிக்கத்தானே? நீ இருக்கிறாய் என்று நம்பித்தான் நாமக்கல் வரை வந்தோம்.

இன்னொன்றும் சொல்கிறேன். போன தடவை ஐஸ், டீசல் எல்லாம் ஏற்றிப் போய்வந்து ஒரே திட்டு. "டீசல முழுசாத் தொறந்தாலும் மீட்டர் முள்ளு ஆயிரத்துத் தொள்ளாயிரத்தத் தாண்ட மாட்டேங்குது. லாரிக்காரனுங்க செத்த எஞ்சின நம்ம தலையில கட்டிட்டானுங்க" என்கிறார். புகையும் கறுப்புதான். அதனால் முழுசாகத் திறந்தே ஓட்டுகிறார். மெதுவாக வந்தால் ஏலம் முடிந்த பிறகுதான் கரை சேர முடியும். கடலையே பார்க்காத உனக்கு அது எங்கே புரியப் போகிறது?

லிடியா ரூபன்


நாமக்கல்
1.7.2025

அன்புள்ள லிடியா,

என்னை யாரும் எழுதச் சொல்லவில்லை. உன் பதில் வருவதற்கு முன்பே அந்தப் படம் பட்டறை முழுக்கப் போய்விட்டது. முதலாளி எல்லோர் முன்னாலும் கூப்பிட்டார்.

"ஏஞ்சாமி, ரோட்டுல சுத்துன எஞ்சின் தண்ணியில சுத்தாதா?"

"லாரிக்கு எறக்கம் வருமுங்க. கடல்ல எறக்கமே இல்லீங்க."

"அப்பக் கடல்லயும் ஒரு தொப்பூர் கணவாய் எறக்கம் போட்டுட்டாப் போச்சு!"

ஒரே சிரிப்பு. மறுநாளிலிருந்து எனக்கு ஸ்டோரில் வேலை. எஞ்சின் பக்கம் போகக் கூடாது.

அது கிடக்கட்டும். முள் தாண்டவில்லை என்று நீ எழுதியதைப் படித்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். எஞ்சின் சாகவில்லை. இங்கே முழுப் பாரத்தில் அது இரண்டாயிரத்து இருநூறு சுற்றியதை நான் பார்த்தேன். அங்கே சுற்றவில்லை என்றால் உங்கள் ப்ரொப்பல்லர் அதற்குப் பெரிது. பழையதையே மாட்டினீர்களா? எங்கள் ஆட்கள் அளவு கேட்கவே இல்லை. மறந்து விட்டார்களா, கேட்டால் விற்பனை தள்ளிப்போகும் என்று விட்டார்களா, எனக்கு இப்போது யார்மேலும் நம்பிக்கை இல்லை.

சுற்ற முடியாத எஞ்சினுக்கு மேலும் மேலும் டீசல் போனால் அது வேகத்தைக் கூட்டாது. சூடாகும், கறுப்புப் புகையாகும். இந்த ப்ரொப்பல்லருக்கு நான் சொன்ன ஆயிரத்து எண்ணூறே அதிகம். முள் நின்ற இடத்திலிருந்து முந்நூறாவது குறைக்க வேண்டும். ஆயிரத்து அறுநூறு. அப்போதும் புகை தெளியாவிட்டால் இன்னும் கீழே. ப்ரொப்பல்லரை மாற்றும் வரை அதற்கு மேல் போகக் கூடாது. போனால் பிஸ்டன் இறுகி எஞ்சின் நின்றுவிடும். கரை தெரிகிற தூரத்தில்தான் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

நீ என்னை நம்ப வேண்டாம். இந்தக் கடிதத்தையும் படம் எடுத்து முதலாளிக்கு அனுப்பிக்கொள், போகிற வேலை போகட்டும். ஆனால் அதற்கு முன்னால், ரூபன் அண்ணன் அடுத்த தடவை படகை எடுப்பதற்குள், அவரை உட்கார வைத்து இதை ஒரு தடவை முழுசாகப் படித்துக் காட்டு.

அறிவுச்செல்வி