நாலு ராடு, நாலு மூடி

செப். 20, சனி

காலையிலிருந்தே மேல்காற்று. புழுதி. காயப்போட்ட துணியை மறுபடியும் துவைக்க வேண்டும்.

பதினொரு மணிக்கு லோடு ஆட்டோவில் இஞ்சின் வந்து இறங்கியது. மதுரையில் பழைய சாமான் கடையில் போன வாரம் பார்த்து வைத்தது. மாமனார் விட்டுப்போன அம்பாசிடருக்கு. அதன் சொந்த இஞ்சினில் பிளாக்கே விரிசல். ரெண்டு வருஷமாகக் கார் ஷெட்டில் கிடக்கிறது. பின்சீட்டில் பக்கத்து வீட்டுக் கோழி முட்டை போடுகிறது.

கோ. வாசலில் நின்று பார்த்தார். (கணவர் பெயர் கோமதிநாயகம். முழுசாக எழுத எனக்குப் பொறுமை கிடையாது.) விசைத்தறிப் பட்டறை மேஸ்திரி.

"ஏட்டி மீனா, அதுவும் பழசு, இதுவும் பழசு. ரெண்டு பழசு சேந்தா புதுசாயிருமா?"

"உங்களையும் என்னையும் சேத்து வச்சாங்கல்லா, அது மாதிரிதான்."

சிரித்துவிட்டார். ஆனால் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். அக்டோபர் 5, ஞாயிறு. அத்தை (கோ.வின் அம்மா) கண் ஆபரேஷன் முடிந்து புளியங்குடியில் மகள் வீட்டில் இருக்கிறார். இந்தக் காரில் நான் ஓட்டிப் போய் அவரை அழைத்து வர வேண்டும். வழியில் ஒரு தடவை நின்றாலும் திங்கட்கிழமை பழைய இரும்புக்காரர் வந்து காரை எடுத்துப் போவார். அவரிடமும் பேசி முடித்தாயிற்று.

நான் படித்தது டிப்ளமோ மெக்கானிக்கல். வகுப்பில் ஒரே பெண். அப்புறம் பரீட்சை எழுதி மேலநீலிதநல்லூரில் ஆபீஸ் வேலை. பதினேழு வருஷமாக ஃபைல். கடைசியாக இஞ்சின் பிரித்தது காலேஜ் லேபில், அதுவும் நாலு பேர் சேர்ந்து. கைக்கு இன்னும் தெரிகிறதா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். கார் போனால் கார் மட்டும் போகாது. இதை யாரிடமும் சொல்லவில்லை.

செப். 21, ஞாயிறு

விடிந்ததும் ஷெட். கோ.வின் பழைய சட்டை, தலையில் துண்டு. ஹெட்டைக் கழற்றினேன். ஒரு போல்ட் வரவே இல்லை. ஸ்பேனர் மேல் ஏறி நின்று வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். வந்தது.

கண்டது:
– பிஸ்டன் நாலும் கரி. மூன்றாவதில் ரிங் ஒட்டிப் போயிருக்கிறது.
– போர் (பிஸ்டன் ஓடும் துளை) தேய்மானம். நகம் வைத்தால் படி தெரிகிறது.
– கிராங்க் (அடியில் சுழலும் தண்டு) நல்ல கிராங்க். கும்பிட்டேன்.
– ஆயில் தேங்கும் சம்ப்பில் ஒரு பத்துப் பைசா. எப்படி?

ராடு நாலையும் கழற்றினேன். ராடு என்பது பிஸ்டனையும் கிராங்கையும் பிடிக்கிற கை. அதன் அடிப்பாகம் தனி மூடி. ஒவ்வொரு ராடுக்கும் அதனதன் மூடிதான். மாறினால் துளை வட்டமாக நிற்காது, கிராங்க் இறுகும், பேரிங் காலி. எண் அடித்திருக்க வேண்டிய இடத்தில் எந்தப் புண்ணியவானோ கிரைண்டர் பிடித்திருக்கிறான். மார்க்கர் பேனாவால் நானே எழுதினேன். 1, 2, 3, 4.

மத்தியானம் ரசமும் அப்பளமும். புரட்டாசி. கறி இல்லை. காற்று வேறு பிரியாணிக் கடைப் பக்கமிருந்து வீசுகிறது.

அத்தை ஃபோனில்: "ஏட்டி, மண்ணெண்ணெய்க் கையோட சோத்தப் பொங்காத. எம் பிள்ளைக்கு வயித்தால போயிரப் போவுது." கோ.வுக்கு எதுவும் ஆகவில்லை. மூன்று தடவை ரசம் வாங்கினார்.

செப். 23, செவ்வாய்

ஆபீஸ் விட்டு நேரே லேத் பட்டறை. காதர் பாய் பிளாக்கை ஏற்றிப் போர் அடித்துக்கொண்டிருந்தார். புது பிஸ்டன் செட் வந்துவிட்டது. கையில் வைத்துப் பார்த்தேன், விட மனசில்லை.

செப். 27, சனி

வெயில். பாய் பிளாக்கைக் கொண்டுவந்து இறக்கினார். ஷெட்டில் சாக்கு விரித்து எல்லாவற்றையும் வரிசையாக வைத்திருந்தேன். குனிந்து பார்த்தார்.

"தங்கச்சி, ராடுக்கு நம்பர் குத்தலியா?"

"எழுதியிருக்கேன் பாய்."

"பேனா எழுத்து மண்ணெண்ணெய்ல நிக்காதும்மா. பஞ்ச் வச்சு புள்ளி குத்திப்போடுங்க. இல்லன்னா மூடிய ராடுலயே மாட்டிப் போடுங்க."

"இங்கன என்னயத் தவிர யார் தொடப் போறா?"

தலையை ஆட்டிக்கொண்டு டீ குடித்துவிட்டுப் போனார்.

இஞ்சின் மாற்ற அனுமதி கேட்டு ஆர்.டி.ஓ. ஆபீஸில் போட்ட விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. இணைப்பு குறைவு. இந்த ரெண்டு வார்த்தையை நான் எத்தனை பேருக்கு எழுதியிருப்பேன்! நன்றாக வேண்டும் எனக்கு. திங்கட்கிழமை மறுபடி கொடுக்கணும்.

அக். 1, புதன். ஆயுத பூஜை

இன்னும் ஆறவில்லை.

காலை ஏழு மணிக்கு எழுந்தேன். நேற்று பட்டறை பூஜைச் சாமான் கட்டிக் கொடுத்ததில் அலுப்பு. கோ. நாலு மணிக்கே எழுந்திருக்கிறார். "வா, வந்து பாரு" என்று கையைப் பிடித்து ஷெட்டுக்கு அழைத்துப்போனார்.

பார்த்தேன்.

வாழையிலை விரித்து, பிளாக்குக்கு மாலை போட்டு, எல்லாம் பளபளவென்று. ஒவ்வொரு சாமானையும் மண்ணெண்ணெயில் கழுவி, வேட்டித் துணியால் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்திருக்கிறார். ராடு நாலும் ஒரு பக்கம். மூடி நாலும் இன்னொரு பக்கம், கொழுக்கட்டை அடுக்கினதுபோல. புஷ் ராடு எட்டையும் ஒரு செம்பில் ஊதுபத்தி மாதிரி செருகி வைத்திருக்கிறார். பக்கத்தில் அவருடைய தறி நாடா ஒன்று, குறுக்கு நூலைக் கொண்டு ஓடுகிற கட்டை.

ஒரு எண்கூட இல்லை.

கத்தினேன். தெருவே கேட்டிருக்கும். "ஒரு வாரமா அடுக்கி வச்சிருக்கேன். கேட்டுட்டுத் தொட்டா என்ன? உங்களுக்குக் கார் போவணும், அதான?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. "தறியில எந்த நாடாவ எங்க போட்டாலும் ஓடும்ட்டி. அது மாதிரின்னு நெனச்சேன். அழுக்கோட சாமிகிட்ட எப்படி வைக்கதுன்னு..."

எடுத்துச் சரிபார்க்கலாம் என்று குனிந்தேன். "வச்சதை இன்னைக்கு எடுக்கப்படாது. நாளைக்குத்தான்" என்றார். ஷெட்டை விட்டு வெளியே வந்துவிட்டேன். பேசினால் நாக்கு எங்கே போகும் என்று எனக்கே தெரியாது.

சுண்டல் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மூன்று மணிக்கு மனசு கேட்காமல் அடுக்களையில் நின்றபடியே ரெண்டு கை அள்ளித் தின்றேன்.

காரை எடுத்துப் போகச் சொன்னவர் அவர். அந்தக் காரின் இஞ்சினுக்காக நாலு மணிக்கு எழுந்து ஒவ்வொரு போல்ட்டுக்கும் பொட்டு வைத்ததும் அவர்தான். நினைத்தால் அழுகை வருகிறது. பாதி கோபத்தில்தான். மீதி கோபமில்லை.

பஞ்ச் எடுத்து நாலு புள்ளி குத்த எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? பாய் சொன்னாரே. தப்பு என் மேல்தான். இதை அவரிடம் சொல்ல இன்னும் வாய் வரவில்லை.

அக். 2, வியாழன்

விஜயதசமி. லேசாக மூட்டம்.

கோ. கற்பூரம் காட்டிவிட்டு முதல் ஸ்பேனரை எடுத்து என் கையில் கொடுத்தார். "நேத்து பேசினது தப்பு. நம்பர் குத்தாதது நான்தான்" என்றேன். "சரி விடு. இப்ப என்ன செய்யணும், சொல்லு" என்றார். அவ்வளவுதான் எங்கள் சமாதானம்.

வழி இருக்கிறது. மூடியை ராடில் மாட்டி இறுக்கி, துளைக்குள் சேருமிடத்தில் நகத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். சொந்த மூடி என்றால் நகம் வழுக்கிக்கொண்டு போகும். வேறு என்றால் தட்டும். நாலு மூடி, நாலு ராடு, திருப்பிப் போட்டால் இன்னொரு கணக்கு. நான் ஏழு தடவை மாட்டிக் கழற்றியும் ஒன்றும் பிடிபடவில்லை. ஸ்பேனர் பிடித்து நகமே மழுங்கிக் கிடக்கிறது.

"இங்க கொண்டா" என்றார் கோ.

கண்ணை மூடிக்கொண்டார். தறிப் பாவில் ஓர் இழை அறுந்தால் ஆயிரம் இழைக்குள் விரலை விட்டே கண்டுபிடிக்கிற ஆள். பதினாறு வருஷமாக அந்தக் கையைப் பார்க்கிறேன், எனக்குத் தோன்றவே இல்லை.

நான் மாட்டி இறுக்க, அவர் தடவ.

"இல்ல."

"இல்ல. தட்டுது."

"இதும் இல்ல. ஆனா கிட்டத்துல இருக்கு."

"இந்தா. இதுதான். எழுதிக்க."

எழுதவில்லை. உடனே பஞ்ச் வைத்துக் குத்தினேன். ஒரு புள்ளி. பன்னிரண்டு மணிக்குள் நாலும் ஆயிற்று. ராடுகளைச் சாக்கில் சுற்றிக்கொண்டு டி.வி.எஸ்.ஸில் ரெண்டு பேரும் பாய் வீட்டுக்கு. லீவு நாள் என்றும் பார்க்காமல் பட்டறையைத் திறந்து அளவுமானி வைத்துப் பார்த்தார்.

"மூணு சரி. நாலாவது மூடி இதோடதுதான், திரும்பிக் கெடக்கு. யாரு பாத்தது?"

"இவுகதான்."

பாய் கோ.வை ஏற இறங்கப் பார்த்தார். "அண்ணாச்சி, தறிய விட்டுட்டு இங்கன வாறியளா?"

கோ. வீடு வரும்வரை சிரித்த முகம். நானும்தான்.

பிஸ்டன் நாலும் உள்ளே. கிராங்க்கை ஒரு கையால் சுற்றினேன். வெண்ணெய்.

அக். 3, வெள்ளி

லீவு போட்டேன். காரணம்: சொந்த வேலை. பொய்யில்லை.

ஹெட், கேஸ்கட், புஷ் ராடு, எல்லாம் ஏறியாயிற்று. பாயின் செயின் பிளாக்கில் தொங்கவிட்டு இஞ்சினைக் காருக்குள் இறக்கினோம். கோ. கீழே படுத்து "இன்னும் ஒரு நூல், ஒரு நூல்" என்று கத்த, நான் சங்கிலி இழுக்க. இடது பக்கத் தாங்கி பொருந்தவில்லை. ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினேன். பார்த்தால் நான்தான் தலைகீழாகப் பிடித்திருக்கிறேன்.

அனுமதி வந்துவிட்டது. இணைப்புகள் சரி.

இடுப்பு போச்சு.

அக். 4, சனி

ஸ்டார்ட் ஆகவில்லை. காலை பூராவும் ஆகவில்லை. பேட்டரி இறங்கி, சார்ஜ் ஏற்றி, மறுபடி இறங்கி.

கோ. பட்டறைக்குப் போகாமல் படியில் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஸ்பேனர் பறந்திருக்கும். நாளைக்கு வாடகைக் கார் சொல்லிவிடலாம் என்று நானே நினைத்தேன்.

மூன்று மணிக்கு மூளை வேலை செய்தது. டீசல் லைனில் காற்று. காற்று எடுத்தேனே? எடுத்தேன், ஃபில்டரில் மட்டும். பம்ப்பில் எடுக்கவில்லை. திருகைத் தளர்த்தினேன். நுரை. நுரை. அப்புறம் சுத்தமான டீசல். இறுக்கினேன்.

சாவியைத் திருப்பினதும் ஒரு இருமல், ஒரு குலுங்கல், வெள்ளைப் புகை. பிடித்துக்கொண்டது.

ஓடுகிறது. ஓடுகிறது. ஓடுகிறது.

கோழி அலறிக்கொண்டு மதிலேறியது. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பயம் இல்லை. எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் இப்படிச் சந்தோஷமாக இருந்தேன்.

டேப்பட் மூடி ஓரம் லேசாக ஆயில் கசிவு. இறுக்கினேன். நின்றது.

அக். 5, ஞாயிறு

ஆறரைக்குக் கிளம்பினோம். மலைப் பக்கம் மேகம். புது ரிங் பழக வேண்டும், நாற்பதுக்கு மேல் போகவில்லை. கோ. மடியில் தண்ணீர் பாட்டில் அஞ்சு. கண் முழுக்கச் சூடு காட்டும் முள்ளில்.

பாதி வழியில், "ஒரு டீ குடிப்பமா?"

"நின்னா தோத்தேம்லா. பேசாம வாங்க."

"நாமளா நிறுத்தினா கணக்கில்லட்டி."

"எழுதிக் குடுங்க."

புளியங்குடி நுழைந்ததும் எலுமிச்சை ஏற்றின லாரி குறுக்கே. அஞ்சு நிமிஷம். இஞ்சின் அணையவில்லை. "வண்டி நிக்கல, லாரிதான் நிக்குது" என்று கோ. தானாகவே தீர்ப்புச் சொன்னார்.

அத்தை கறுப்புக் கண்ணாடியோடு வந்து காரை ஒரு சுற்றுச் சுற்றினார். "யாரு மாட்டினா?" "ஒங்க மருமவதான்" என்றார் கோ. அத்தை ஒரு மூட்டை எலுமிச்சையோடு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

திரும்பும்போது பத்து நிமிஷத்தில் பின்னால் குறட்டை. கோ. திரும்பிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "பஸ்ல கூட எங்கம்மா கண்ணசர மாட்டாட்டி. டிரைவர் தூங்கிருவான்னு இவ முழிச்சிருப்பா."

நான் ரோட்டைப் பார்த்தே ஓட்டினேன். வீட்டு வாசலில் நிறுத்தி, அணைக்க மனசில்லாமல், இன்னும் ஒரு நிமிஷம் ஓடவிட்டேன்.

அக். 6, திங்கள்

எட்டு மணிக்கு இரும்புக்காரர் ஃபோன். கோ. எடுத்தார். நான் ஆபீஸுக்குச் சேலை மடித்துக்கொண்டிருந்தேன்.

"இல்ல வே, வண்டி ஓடுது. குடுக்கதா இல்ல... ஆமா, நேத்து புளியங்குடி போய்ட்டு வந்துட்டோம். அந்தப் பழைய இஞ்சின் கெடக்கு, அத வேணா இன்னைக்கு வந்து தூக்கிக்கிடுங்க."

"அதக் குடுக்காதிய" என்றேன்.

"ஏன்? பிளாக்கே விரிஞ்ச இஞ்சின வச்சு என்ன செய்யப் போற?"

"எதனால விரிஞ்சுதுன்னு பிரிச்சுப் பாக்கணும்."

ஃபோனைக் காதிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அந்தப் பக்கம் இரும்புக்காரர் "அண்ணாச்சி, அண்ணாச்சி" என்கிறார்.

"வர வேண்டாம் வே" என்றார் கோ. "அந்தம்மா தரமாட்டா."